விலை இறங்குமெனக் காத்திருக்கலாமா?

கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்க விரும்புவோருக்கு நெடுங்காலமாகக் கூறப்பட்டு வரும் உபதேசம் ஒன்று உண்டு. “இன்று வாங்காதே, ஆறு மாதம் பொறு, இதைவிடச் சிறந்தது இதைவிட மலிவாகக் கிடைக்கும்” என்பதே அது. 2025-ஆம் வருஷக் கடைசியில் இந்த உபதேசத்தை நம்பிக் காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். ராம் என்று கடைகளில் வழங்கும் ஞாபகப் பாகத்தின் விலை சில மாதங்களுக்குள் இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறிவிட்டது. மகனுடைய படிப்புக்கென்று சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குச் செல்லும் தகப்பனாருக்கு இது அற்ப விஷயமன்று. ஆதலின், வாங்குவதற்குரிய தருணம் எது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியமாகிறது.

பழைய உபதேசம் ஆதாரமற்றது என்று நாம் சொல்லவில்லை. ஒரு சிப்பில் அடங்கும் உறுப்புகள் வருஷந்தோறும் இரட்டித்து வரும் என்று கார்டன் மூர் என்ற அமெரிக்க நிபுணர் 1965-இல் எழுதினார்; 1975-இல் அதனை இரண்டு வருஷத்திற்கு ஒருமுறை என்று திருத்திக் கொண்டார். அவர் கூறியபடியே பல வருஷங்கள் நடந்து வந்தமையால், அதே வேலையைச் செய்யும் பாகம் நாளடைவில் மலிந்து வந்தது. புதிய பிராசஸர் வந்ததும் பழையதன் விலையை வியாபாரி குறைத்து விற்பதை இன்றும் காண்கிறோம்.

ஆனால், ராம் விஷயத்தில் நிலைமை வேறு. உலகத்திற்கு வேண்டிய ராம் சிப்புகளில் மிகப் பெரும் பகுதியை மூன்றே கம்பெனிகள் செய்கின்றன. தென் கொரியாவின் சாம்சங்கும் எஸ்.கே. ஹைனிக்ஸும், அமெரிக்காவின் மைக்ரானுமே அவை. ஓர் ஆலையை நிறுவப் பல வருஷங்களும் பல்லாயிரம் கோடி ரூபாயும் வேண்டும். விலை ஏறும்போது எல்லோரும் ஆலையைப் பெருக்குகிறார்கள். சரக்கு குவிந்து விலை சரிகிறது. பின்பு உற்பத்தியைக் குறைக்கிறார்கள். விலை மறுபடியும் ஏறுகிறது. இந்தச் சுழலில் அகப்பட்ட ஜப்பானின் எல்பிடா கம்பெனி 2012-இல் திவாலாகி, அடுத்த வருஷம் மைக்ரானின் கைக்குப் போயிற்று. சிலர் கையில் உற்பத்தி அடங்கியிருப்பதில் மற்றொரு அபாயமும் உண்டு. ராம் விலையைக் கூடிப் பேசி நிர்ணயித்த குற்றத்திற்காக அமெரிக்காவில் இன்பினியான் கம்பெனி 2004-இல் 16 கோடி டாலரும், ஹைனிக்ஸ் 2005-இல் 18.5 கோடி டாலரும், சாம்சங் அதே வருஷம் 30 கோடி டாலரும் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டன.

2025-ஆம் வருஷத்தின் ஏற்றத்திற்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு யந்திரங்களுக்கு ஏற்பட்ட பெருங் கிராக்கியே. அவற்றிற்கு வேண்டிய விசேஷ ராமைச் செய்ய, அதே கொள்ளளவுள்ள சாதாரண ராமுக்குச் செலவாவதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு சிலிக்கன் தகடு செலவாகிறது. லாபமோ அதிகம். கம்பெனிகள் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமா? 2025 அக்டோபரில் ஓபன்ஏஐ கம்பெனி தன் டேட்டா சென்டர்களுக்கு ராம் பெறுவது குறித்துச் சாம்சங்குடனும் ஹைனிக்ஸுடனும் பூர்வாங்க உடன்பாடு செய்துகொண்டது. அவ்வருஷம் டிசம்பரில், சில்லறையாக வாங்குவோருக்கென்று தான் நடத்தி வந்த குரூஷியல் வியாபாரத்தை மூடப்போவதாக மைக்ரான் அறிவித்தது. படி அரிசி வாங்க வந்தவனுக்குப் பக்கத்திலேயே களஞ்சியம் முழுவதையும் விலை பேசுகிறவன் வந்து நின்றால் என்ன நேருமோ, அதுவே நேர்ந்தது. பழையதாவது மலிவாகக் கிடைக்கும் என்று எண்ணியவர்களுக்கும் ஏமாற்றமே. டி.டி.ஆர்.4 என்ற பழைய ராமின் உற்பத்தியைக் கம்பெனிகள் குறைக்கவே, 2025-இன் நடுவில் அதன் விலை புதிய டி.டி.ஆர்.5-ஐயும் சில காலம் மிஞ்சி நின்றது.

அப்படியானால், எப்பொழுதும் விரைந்து வாங்குவதே புத்திசாலித்தனமா? அதுவுமன்று. 2011-இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஆலைகள் மூழ்கியபோது ஹார்டு டிஸ்க் விலை கடுமையாக ஏறிற்று. ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கியபின் தட்டுப்பாடு நீங்கியது. 2020 முதல் 2022 வரை கிரிப்டோ நாணயம் தோண்டுவோர் கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் அந்த முறையையே கைவிட்டதும் அவர்களுக்குக் கார்டு வேண்டாததாயிற்று. இவ்விரண்டு சமயங்களிலும் பொறுத்தவர்களே லாபமடைந்தார்கள்.

ஆகவே, விலை ஏறியிருக்கிறதா என்று கேட்பது போதாது. ஏன் ஏறியது என்று கேட்க வேண்டும். விபத்தினாலோ தற்காலிக மோகத்தினாலோ ஏறியதாயின் காத்திருப்பதில் பயனுண்டு. உற்பத்தி செய்வோரே வேறு சரக்குக்குத் திரும்பிவிட்டதனால் ஏறியதாயின், புதிய ஆலைகள் எழும்வரை அது எளிதில் இறங்காது. வருஷக்கணக்கில் காத்திருக்க மாணவனால் முடியுமா? யந்திரமின்றிக் கழியும் ஒரு வருஷத்தின் நஷ்டத்தையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நம் நாட்டினர் கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் உண்டு. பாகங்கள் பெரும்பாலும் அன்னிய நாட்டுச் சரக்காகையால், டாலருக்கு 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டிய நாணய மாற்று விகிதமும் நம் விலையை ஏற்றுகிறது. உலக மார்க்கெட்டில் விலை இறங்கினாலும், ரூபாய் இறங்கினால் அந்த லாபம் நமக்கு வந்து சேராது. பண்டிகைக்காலத் தள்ளுபடியைப் பெட்டியில் அச்சிட்ட விலையோடு ஒப்பிட்டு மயங்கலாகாது. சென்ற மாதம் என்ன விலைக்கு விற்றது என்பதே சரியான அளவு. பாகங்களை மாதம் ஒன்றாக வாங்கிச் சேர்ப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். எல்லாம் சேர்ந்து யந்திரம் ஓடும்போதுதான் குறை தெரியவரும். முதலில் வாங்கிய பாகத்தின் வாரன்டியோ வாங்கிய தேதியிலிருந்தே கழியத் தொடங்கிவிடுகிறது.

குஜராத்தில் சாணந்தில் ஓர் ஆலை நிறுவுவதென்று மைக்ரான் 2023-இல் அறிவித்தது. அது சிப்புகளைச் சோதித்துப் பூட்டும் ஆலையே. சிலிக்கன் தகட்டில் சிப்பைச் செய்யும் ஆலையன்று. இதனை வரவேற்கும் அதே சமயத்தில், விலையை நிர்ணயிக்கும் சக்தி இன்னும் நம் கைக்கு வரவில்லை என்பதையும் மறக்கலாகாது. அது வரும்வரை, வாங்குவோருக்கு நாம் கூறுவது இதுதான். வேலை நிற்கும் நிலையிலிருப்பவர் இன்றைக்குப் போதுமான அளவு ராமை வாங்கி, மதர்போர்டில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு வைக்கட்டும். விலை இறங்கும் காலத்தில் அதனை நிரப்பிக் கொள்ளலாம். கையிலுள்ள யந்திரம் ஓடுகிறவர் அதனையே துடைத்து வைத்துக் காலம் கடத்தட்டும். இன்னும் ஏறும் என்ற பயத்தால் தேவைக்கு மேல் வாங்கிப் பதுக்குகிறவர், அடுத்த வீட்டு மாணவனுக்கும் விலையை ஏற்றி வைக்கிறார்.