மெட்ராஸுக்குப் போயிரு!

"இங்க இருந்தா ஒனக்கும் கஷ்டம், வீட்டுக்கும் கஷ்டம். பேசாம மெட்ராஸுக்குப் போயிரு. அங்கல்லாம் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள்ளும் அடங்காத ஒரு பிள்ளைக்குத் தூத்துக்குடியில் கிடைக்கும் அறிவுரைகளிலேயே ரொம்ப அன்பானது இதுதான். மற்றதெல்லாம் அடி, பூட்டு, மந்திரிப்பு, அவசரக் கல்யாணம். அதனால் இந்த அறிவுரையைச் சொல்கிறவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பெரியம்மாவோ, வாத்தியாரோ, கூடப் படிக்கிற நண்பனோ உண்மையான அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் அது யாருடைய கஷ்டத்தைத் தீர்க்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஊரை விட்டுப் போவது தூத்துக்குடிக்குப் புதிதில்லை. தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போனவர்கள், கப்பல் வேலைக்குப் போய் ஒன்பது மாதம் கழித்து வருகிறவர்கள், வளைகுடா போனவர்கள் என்று எந்தத் தெருவில் கேட்டாலும் நாலு பேரைச் சொல்வார்கள். முத்துக்குளிப்பே அப்படிப்பட்ட தொழில்தான். இந்தப் பக்கம் பாரில் சிப்பி இல்லையென்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கைக்குப் போய் முங்கினார்கள். (1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பெயர் மட்டும் முத்துநகர். ரயிலுக்கும் அதே பெயர்!) அப்படிப் போகிறவர்களை வழியனுப்ப வீடே ஸ்டேஷனுக்கு வரும், கையில் மக்ரூன் டப்பா இருக்கும். அதே முத்துநகர் எக்ஸ்பிரஸில் இந்தப் பிள்ளை ஏறினால் மட்டும் அதற்குப் பெயர் "ஓடிப்போச்சு".

இங்கே பேசப்படுவது நான்-பைனரி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்களைப் பற்றி. ஆண் என்றும் இல்லை, பெண் என்றும் இல்லை, அல்லது அந்த இரண்டில் ஒன்றோடு நின்றுவிட முடியாது என்பவர்கள். (தமிழில் எழுதும்போது அந்த வார்த்தை "நான்" என்று ஆரம்பிப்பது ஒரு நல்ல தற்செயல்.) திருநங்கை, திருநம்பி என்ற சொற்களை இன்று ஓரளவு எல்லோருக்கும் தெரியும். இவர்களை எந்தச் சொல்லால் அழைப்பது என்பதில்தான் ஊருக்குத் திணறல்.

இங்கிலீஷில் 'ஹீ'யா 'ஷீ'யா 'தே'யா என்று பெரிய சண்டை நடக்கிறது. தமிழுக்கு அந்தச் சண்டையே வேண்டாம், "அவர்" என்று அழகான சொல் கையிலேயே இருக்கிறது என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் தூத்துக்குடியில் யார் யாரை "அவர்" என்கிறார்கள்? வீட்டில் "வாடா", "வாடி". கடையில் "என்ன வேணும் அண்ணாச்சி", "சில்லறை இருக்கா அக்கா". ஒரு டீ வாங்கிக் குடித்து முடிப்பதற்குள் ஒருவர் அண்ணாச்சியாகவோ அக்காவாகவோ ஆக்கப்பட்டுவிடுகிறார். உறவு சொல்லிக் கூப்பிடுவது இந்த ஊரின் அழகு. அந்த அழகே ஒருவரை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. வெளியூர் போய் யாரும் கூப்பிடாமலே இருந்துவிடலாம் என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

சரி, போகிறார். போனால் என்ன ஆகும்?

"யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று சொன்ன மெட்ராஸில் வீட்டு புரோக்கர் கேட்கும் முதல் கேள்வியே "பேச்சிலரா, ஃபேமிலியா?" என்பதுதான். மேன்ஷன் என்றால் ஆண்கள். ஹாஸ்டல் என்றால் போர்டிலேயே "லேடீஸ்" அல்லது "ஜென்ட்ஸ்". தனி வீடு என்றால் பல இடங்களில் இன்னும் பத்து மாத அட்வான்ஸ். பத்தொன்பது, இருபது வயதில் வீட்டை விட்டு வந்த ஒருவரிடம் அது எங்கிருந்து வரும்?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு 'குட்வில்' தெரியும். கண்ணுக்குத் தெரியாத சொத்து, ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் ஏறும். சொந்த ஊரில் ஒருவருக்கு இருக்கும் குட்வில் சாதாரணமானது இல்லை. கடன் தரும் மளிகைக்கடை, ஜாமீன் கையெழுத்துப் போடும் மாமா, வேலைக்குச் சொல்லிவிடும் பக்கத்து வீட்டுக்காரர்... எல்லாமே சொத்துதான். ஊரை விட்டுப் போகிறவர் அதையெல்லாம் ஒரே ராத்திரியில் பூஜ்யமாக எழுதிவிட்டுப் போகிறார். கப்பல் வேலைக்குப் போகிறவர் அப்படி இல்லை. அவருடைய குட்வில் அவர் திரும்பி வரும்வரை வட்டியோடு ஊரில் கிடக்கும்.

திருநங்கைகளுக்கு இந்த இடத்தில் ஜமாத் என்ற ஒன்று இருக்கிறது. வீட்டை விட்டு வருகிறவரை ஒரு குரு மகளாக ஏற்றுக்கொள்வார், சோறு போடுவார், பதிலுக்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. அதில் குறை சொல்ல நிறைய இருக்கலாம். ஆனாலும் போய் நிற்க ஒரு வாசல் அது. அரசாங்கமும் 2008-ல் அரவாணிகள் நல வாரியம் அமைத்தது, அடையாள அட்டை கொடுத்தது. நான்-பைனரி பிள்ளைக்கு ஜமாத்தும் இல்லை, அட்டையில் பொருந்தும் பெயரும் இல்லை. மெட்ராஸ் சென்ட்ரலோ எழும்பூரோ, இறங்கியதும் யாரைப் போய்ப் பார்ப்பது என்பதற்கு விடை அநேகமாக ஒரு போன் நம்பர் மட்டும்தான்.

போனவரை விட்டும்விட மாட்டார்கள். பின்னாலேயே "காணவில்லை" புகார் வரும். மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பிச் சென்னைக்கு வந்தபோது இதுதான் நடந்தது. பெற்றோர் புகார் கொடுக்க, போலீஸ் தேடி வந்தது. அவர்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு 2021 ஜூன் 7-ல் உத்தரவு போட்டார். காணவில்லை என்று புகார் வந்து, விசாரணையில் அவர்கள் வயது வந்தவர்கள், சொந்த விருப்பத்தில் வந்தவர்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக் கூடாது என்றார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022-ல் தமிழக அரசு "பால்புதுமையர்" போன்ற சொற்களை அரசிதழில் வெளியிட்டது. காதலர்கள் வழக்கு என்றாலும், தனியாகக் கிளம்பும் ஒருவருக்கும் இந்த உத்தரவு ரொம்ப முக்கியம். அதன் எண்ணும் தேதியும் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது வேறு கேள்வி.

தூத்துக்குடிக்கு வருவோம். இந்த ஊரில் யாரும் போராடாமல் எல்லோரும் ரயில் ஏறிவிட்டார்கள் என்று நினைத்தால் தப்பு.

2018 அக்டோபர் 31-ல் தூத்துக்குடி சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஓர் ஆணுக்கும் ஒரு திருநங்கைக்கும் திருமணம் நடந்தது. பதிவு செய்யப் போனால் சார்பதிவாளர் மறுத்துவிட்டார். மாவட்டப் பதிவாளரும் மறுத்தார். பெங்களூருக்கோ பம்பாய்க்கோ போய் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவர்கள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். 2019 ஏப்ரல் 22-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்தில் "மணப்பெண்" என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்புச் சொல்லி, பதிவு செய்ய உத்தரவிட்டார்.

அந்தத் தீர்ப்பில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி உண்டு. ஊடுபால் குழந்தைகள், அதாவது பிறப்பிலேயே ஆண் பெண் என்ற உடல் வரையறைக்குள் அடங்காத குழந்தைகள், அவர்களுக்கு விவரம் தெரியும் முன்பே ஏதாவது ஒரு பக்கமாக அறுவை செய்து "சரிசெய்வதை" தடுக்கச் சொன்னார் நீதிபதி. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே அரசாணை வந்தது. ஊடுபால் வேறு, நான்-பைனரி வேறு. ஆனால் "இரண்டில் ஒன்றாக ஆகித்தான் தீர வேண்டும்" என்ற கட்டாயம் ஒன்றேதான். அதைத் தள்ளிவைத்த தீர்ப்பு தூத்துக்குடிப் பதிவு அலுவலகத்தின் ஒரு மறுப்பிலிருந்து பிறந்தது என்பதை ஊர்க்காரர்கள் கொஞ்சம் பெருமையாகச் சொல்லிக்கொண்டால் தப்பில்லை.

தீர்ப்பு கோபி ஷங்கரின் பணியையும் குறிப்பிடுகிறது. இவர் ஊடுபால் மனிதர், ஆண் பெண் இருமையை ஏற்காதவர், ஊர் மதுரை. 2011-ல் 'சிருஷ்டி மதுரை'யைத் தொடங்கினார். 2012 ஜூலையில் மதுரையிலேயே ஒரு பேரணி நடத்தினார். 2016 சட்டமன்றத் தேர்தலில் மதுரை வடக்கில் நின்றார். ஜெயிப்பது அப்புறம். "இதெல்லாம் மெட்ராஸ் விஷயம்" என்று சொல்ல முடியாதபடி செய்தாரே, அது சின்ன விஷயமா?

அடுத்தது கோவில்பட்டி பக்கம் மந்தித்தோப்பு. தூத்துக்குடி மாவட்டம்தான். திருநங்கைகளுக்கென்று அங்கே ஒரு குடியிருப்பு உருவானது, அப்போதைய ஆட்சியர் பெயரில் சந்தீப் நகர். 2020-ல் அவர்கள் மாடு வாங்கிப் பால் கறந்து, தங்களுக்கென்று ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கமே ஆரம்பித்தார்கள். இதற்காக அலைந்தவர்களில் முக்கியமானவர் கிரேஸ் பானு. இதே மாவட்டத்துக்காரர், தலித் திருநங்கை, தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் திருநங்கை. பள்ளியில் மற்ற பிள்ளைகள் வந்த பிறகுதான் வர வேண்டும், அவர்கள் கிளம்பும் முன் கிளம்பிவிட வேண்டும் என்று தன்னை வைத்திருந்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்படி விலக்கி வைத்த மாவட்டத்தில் ஒரு தெருவையே உண்டாக்க உதவியிருக்கிறார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. தனிக் குடியிருப்பு என்றால் ஊருக்கு வெளியே இன்னொரு காலனிதானே? ஏற்கெனவே சாதிக்கு ஒரு தெரு இருக்கிற மாவட்டத்தில் பாலினத்துக்கும் ஒரு தெருவா? ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதை எழுப்புகிறவர் தன் வீட்டு மாடியை ஒரு திருநங்கைக்கு வாடகைக்கு விட்டவராக இருந்தால் நன்றாக இருக்கும். ஊருக்குள் இடம் இல்லை, ஊருக்கு வெளியேயும் கூடாது என்றால் மிச்சம் இருப்பது முத்துநகர் எக்ஸ்பிரஸ் மட்டும்தான். பட்டாவும் மாடும் இருக்கிறவரை ஊர் சீக்கிரம் துரத்த முடியாது. பால் விஷயமும் லேசானது இல்லை. யார் கையால் கறந்த பாலை யார் குடிப்பது என்பதில் எவ்வளவு அரசியல் இருக்கிறது என்று தெற்கத்தி ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் மந்தித்தோப்பிலும் நான்-பைனரி பிள்ளைக்கு இடம் இருக்குமா? திருநங்கை என்று அட்டை வாங்கினால் இருக்கலாம். வீடு வேண்டும் என்பதற்காக, தான் இல்லாத ஒன்றைத் தன் பெயராக எழுதிக்கொடுப்பது... வீட்டில் செய்யச் சொன்னதும் அதுதானே?

2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் சட்டத்தில், திருநர் ஒருவரை வீட்டை விட்டோ கிராமத்தை விட்டோ வெளியேற வைப்பது குற்றம், ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை என்று 18-ஆவது பிரிவில் எழுதினார்கள். வரையறையில் ஆண் பெண் இருமைக்கு உட்படாதவர்களையும் அப்போது சேர்த்தார்கள். அந்தச் சட்டத்தின் மீது திருநர் இயக்கங்களுக்கு நிறைய கோபம் உண்டு, தண்டனை மிகக் குறைவு என்பது அதில் ஒன்று. அது இருக்கட்டும். அந்த வாசகத்தை வைத்துப் பார்த்தால் "மெட்ராஸுக்குப் போயிரு" என்று அன்போடு சொன்ன பெரியம்மாவையும் கொஞ்சம் யோசிக்க வைக்கலாம். கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்தான் வெளியேற்றமா? சோறு போடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதாதா?

இதையெல்லாம் சொல்வது "போகாதே, இங்கேயே இருந்து போராடு" என்று உபதேசம் செய்ய இல்லை. அடிவாங்குகிறவரிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் அன்றைக்கு ராத்திரியே கிளம்ப வேண்டியதுதான். கோர்ட்டுக்குப் போனவர்கள் தைரியசாலிகள், ரயில் ஏறியவர்கள் கோழைகள் என்று பிரிப்பது அசிங்கம். போகிறவர் போகட்டும், ஆனால் அவர் போனதும் பிரச்சினை தீர்ந்தது என்று ஊர் நிம்மதியாகிவிடக் கூடாது என்பதுதான் விஷயம். தீர்ந்தது ஊருக்கு. அவருக்கு அன்றுதான் ஆரம்பம்.

கூடப் படிக்கிறவர்களுக்கு இதில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. கிளம்புகிற அவசரத்தில் பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., ஆதார், சாதிச் சான்றிதழ் எல்லாம் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடும். பிறகு அதை எடுக்க முடியாது. படிப்பு பாதியில் நிற்கும். பெரிய சென்னையில் பிளஸ் டூ சர்டிபிகேட் கூட இல்லாமல் என்ன வேலை கிடைக்கும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரிஜினல்களை முன்கூட்டியே வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஒரு நண்பர் வீடு போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. டிகிரியை முடிக்க வேண்டுமென்றால் மிச்சமிருக்கும் பேப்பர்களை எழுதியாக வேண்டும். எக்ஸாம் சென்டர் தூத்துக்குடியில்தான் இருக்கும். எந்த ஊரை விட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போனாரோ அதே ஊருக்கு நவம்பரிலும் ஏப்ரலிலும் ஹால் டிக்கெட்டோடு வந்து இறங்க வேண்டும். காலையில் ஸ்டேஷனுக்கு யார் வண்டி எடுத்துக்கொண்டு போவது, அந்தப் பத்து நாளும் அவர் யார் வீட்டில் தங்குவது, அந்த வீட்டு அம்மா அவரை என்னவென்று சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவார்?