துக்க வீட்டுத் தட்டில் சிகரெட் எதற்கு?

புகை பிடிப்பது கெடுதல் என்று இந்தப் பகுதியில் எழுதினால், "இது எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். 2009-ஆம் ஆண்டிலிருந்து சிகரெட் பெட்டியின் மேலேயே புண் பிடித்த வாயையும் கறுத்த நுரையீரலையும் படமாகப் போட்டு விற்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்து விட்டவரைவிட, பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பற்ற வைக்கிறவர்தான் அதிகம். ஆகவே கெடுதலைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. விட்டுப் பார்த்து, முடியாமல் திரும்பவும் பிடித்தவர்களைப் பற்றி எழுதுகிறேன். நம் தோட்டங்களில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். அவர்களை நாம் நடத்துகிற விதம் சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

பழைய பால்மரத் தொழிலாளிகளைக் கேட்டால், கொசுவுக்காகத்தான் ஆரம்பித்தோம் என்பார்கள். விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்தால் கொசு மொய்த்துவிடும். புகையை ஊதினால் கொஞ்சம் விலகும். இப்போது பல இடங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சிகரெட் மட்டும் போகவில்லை. குலையை வெட்டிப் போட்டுவிட்டு லோரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒன்று, பசியாறிய பிறகு ஒன்று, சம்பளத்தில் கை வைத்துவிட்டான் என்ற ஆத்திரத்தில் ஒன்று. இப்படி ஒவ்வொரு வேளையோடும் அது ஒட்டிக்கொள்கிறது. விடுகிறவன் ஒரு பெட்டியை மட்டும் விடவில்லை, அந்த வேளைகளையெல்லாம் வெறுங்கையோடு கடக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். இழுத்த புகையில் உள்ள நிக்கோட்டின் பத்து இருபது விநாடியில் மூளைக்குப் போய்விடும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும். குறையக் குறைய மூளை 'கொண்டா, கொண்டா' என்று கேட்கும். ஒருவன் விட்டுவிட்டால் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் இந்தக் கேள்வி உச்சத்துக்குப் போகிறது. தூக்கம் கெடும், கை நடுங்குகிற மாதிரி இருக்கும், எதைச் சொன்னாலும் எரிச்சல் வரும். வீட்டிலே பிள்ளை ஸ்பூனைக் கீழே போட்டால்கூட ஒரு சத்தம். அப்போது வீட்டுக்காரம்மா என்ன சொல்கிறார்? "ஐயோ, நீங்க அந்தக் கருமத்தையே பிடிச்சுத் தொலைங்க, எங்களுக்கு நிம்மதியா இருக்கும்!" தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த ஒரு வார்த்தையால் திரும்பவும் பற்ற வைத்தவர்கள் உண்டு. அந்த எரிச்சல் அவர் குணம் அல்ல, நிக்கோட்டின் வெளியேறுகிற அடையாளம். இரண்டு மூன்று வாரம் போனால் அடங்கிவிடும்.

இன்னும் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. வெளியே சொல்ல வெட்கப்படுவார்கள், நான் சொல்லிவிடுகிறேன். "சிகரெட் இல்லாம காலையில கக்கூஸே போக முடியல டாக்டர்!" இது பொய்யல்ல. நிக்கோட்டின் குடலையும் தூண்டிவிடும். அது நின்றதும் சிலருக்குக் கொஞ்ச நாள் மலச்சிக்கல் வரும். தண்ணீர், கீரை, பப்பாளிப் பழம் போதும். அதற்காக ஒரு பெட்டி வாங்க வேண்டியதில்லை. மற்றது இருமல். விட்ட பிறகு சிலருக்கு இருமலும் சளியும் கூடுகிறது. "பிடிக்கிறப்போ நல்லா இருந்தேன், விட்டதும் நெஞ்சு கெட்டுப் போச்சு" என்று நினைத்து மறுபடியும் ஆரம்பித்து விடுகிறார்கள். உண்மையில், மூச்சுக்குழாயில் தூசியை மேலே தள்ளுகிற நுண்ணிய மயிர்கள் புகையில் செயலிழந்து கிடந்து, இப்போதுதான் மறுபடியும் வேலை செய்யத் தொடங்குகின்றன. பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டைக் கூட்டினால் தூசி கிளம்பத்தானே செய்யும்? ஆனால் சளியில் இரத்தம் கண்டாலோ, இருமல் வாரக் கணக்கில் நிற்காவிட்டாலோ அது வேறு விஷயம், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இனித் தலைப்புக்கு வருகிறேன். ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டிவிட்டார் என்று வையுங்கள். லயத்தில் ஒரு சாவு. இராத்திரி முழுவதும் கூடாரத்தின் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். காப்பி வருகிறது, கடலை வருகிறது, பின்னாலேயே ஒரு தட்டில் பெட்டி உடைத்த சிகரெட் வருகிறது. எடுக்காவிட்டால் மரியாதைக் குறைவாம்! பக்கத்தில் இருக்கிற மாமனோ மச்சானோ, "ஒண்ணுதானே, ஒண்ணும் ஆகாது" என்கிறார். அந்த ஒன்றில் இரண்டு மாதப் பாடும் போய்விடுகிறது. விட்டவர்கள் எங்கே சறுக்கினார்கள் என்று விசாரித்தால் துக்க வீடு, கல்யாண வீடு, கள்ளுக்கடை, இந்த மூன்றில் ஒன்று வரும். கள்ளுக்கடை நம் கையில் இல்லை. தட்டு நம் கையில்தானே இருக்கிறது?

இது பாட்டன் காலத்து வழக்கம் என்பார்கள். பாட்டன் காலத்தில் தட்டில் வெற்றிலை இருந்தது, கம்பெனி சிகரெட் பிறகுதான் ஏறிக்கொண்டது. இந்த நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடைகளில் புகை பிடிக்கத் தடை. காசு கொடுத்துச் சாப்பிடுகிற கடையில் கூடாது என்றான பிறகு, கைக்குழந்தைகளும் நெஞ்சடைப்புக்காரர்களும் கூடியிருக்கிற துக்க வீட்டில் நாமே தட்டு நீட்டி உபசரிப்பது என்ன நியாயம்? பிடிக்கிறவர் எழுந்து வெளியே போய்ப் பிடிக்கட்டும், அவரை யாரும் விரட்டச் சொல்லவில்லை. செலவு செய்கிற வீட்டாருக்கும் மிச்சம். இதைத் தனி ஒருவர் செய்தால் "கஞ்சன்" என்று பேசுவார்கள். கிளைத் தலைவர் வீட்டு விசேஷத்தில் முதலில் தட்டு நின்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

பணக்கணக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. 17 வெள்ளிப் பெட்டி ஒன்றை நாளொன்றுக்கு ஒன்று பிடித்தால் மாதம் 510 வெள்ளி, சம்பளத்தில் பத்தில் மூன்று பங்கு. "நான் கடத்தல் சிகரெட்தான் பிடிக்கிறேன், மலிவு" என்பார் சிலர். பெட்டி மலிவு, உள்ளே இருக்கிற தார் மலிவல்ல. "பாதியாகக் குறைத்துவிட்டேன்" என்பவரும் ஏமாந்து போகக் கூடாது. எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுக்கச் சொல்லும் உடம்பு. வேப் பிடிக்கிற நம் பையன்களைப் பற்றி இன்னொரு முறை தனியாகவே எழுத வேண்டும்.

பெண்கள் புகைப்பதில்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை அடக்கிக்கொள்கிற பாட்டிமார்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் அதிகம் காண்பது இந்தியர்களிடம், அதிலும் முக்கியமாகப் பெண்களிடம். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் உண்டாக்குவதுதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது. நடுவிரலையும் சேர்த்து மொத்தம் மூன்று விரலை நெட்டுக்குத்தாக வாயில் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால், காரம் பட்டால் எரிகிறது என்றால், கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்து இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால், பல் டாக்டரிடம் காட்டுங்கள். வலி இல்லை என்று சும்மா இருக்கக் கூடாது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை.

"இந்த வயசுக்கு மேல விட்டு என்ன ஆகப்போகுது?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. இங்கிலாந்தில் டாக்டர் ரிச்சர்ட் டால் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பிரிட்டிஷ் டாக்டர்களையே தொடர்ந்து கவனித்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். விடாமல் பிடித்தவர்களோடு ஒப்பிட்டால், 60 வயதில் விட்டவருக்குச் சுமார் 3 ஆண்டு ஆயுள் கிடைத்தது. 50-இல் விட்டவருக்கு 6, 40-இல் விட்டவருக்கு 9. பேரன் பேத்தியோடு மூன்று தீபாவளி என்றால் சின்ன விஷயமா?

வைராக்கியம் மட்டும் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு பல இடங்களில் இருக்கிறது. மூச்சை ஊதச் சொல்லிக் கார்பன் மோனாக்சைடு வாயு எவ்வளவு என்று கருவியில் காட்டுவார்கள். ஆளுக்குத் தகுந்தபடி நிக்கோட்டின் பட்டை, சுவிங்கம் முதலிய மருந்துகளைப் பற்றிச் சொல்வார்கள். சுவிங்கத்தை வெற்றிலை மாதிரி அரைத்துத் தள்ளக் கூடாது. சுள்ளென்று உறைக்கும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். காப்பி குடித்த கையோடு போட்டால் வேலை செய்யாது, கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். இது தெரியாமல் "அந்த மருந்து சரியில்லை" என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

ஆனால் கிளினிக் பட்டணத்தில் இருக்கிறது, அதுவும் வேலை நேரத்தில்தான் திறந்திருக்கிறது. காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டோடு சம்பள விடுப்பு உண்டு. சிகரெட்டை விடுவதற்காகப் போகிறவனுக்கு அன்றைய பேர் போய்விடும். நாள் சம்பளக்காரன் எத்தனை தடவை போவான்? ஒரு தடவை போய்விட்டு நிறுத்திக்கொள்கிறான், பிறகு "அவனுக்கு மன உறுதி இல்லை" என்று நாமே பேசுகிறோம். அப்படிப் போகிறவருக்குச் சில காலை நேரங்களைச் சம்பளப் பிடித்தம் இல்லாமல் கொடுக்கும்படி கிளைகள் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். இருமி இருமி ஆண்டு முழுவதும் விடுப்பு எடுக்கிற ஆளைவிட இது நிர்வாகத்துக்கும் மலிவு. அடுத்த கிளைக் கூட்டத்தில் தட்டு விஷயத்தையும் இந்த விஷயத்தையும் சேர்த்தே எழுப்புங்கள். யார் யார் விட நினைக்கிறார்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியலோடு போனால் பேச்சு எளிதாக இருக்கும்.