முதலில் பென்சில், பிறகு கார்ட்போட், கடைசியில்தான் பலகை



ஓ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்ஸுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய உம்மா வாப்பாவுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். பதிவு நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

லீவு நாட்களில் பிள்ளைகள் எங்களிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: "சேர், நாமளே ஒரு ஆர்கேட் மெஷின் செய்ய ஏலுமா?" யூடியூபில் பார்த்துவிட்டு வருகிறார்கள். மேசையில் வைக்கிற அளவில் ஒரு பெட்டி. உள்ளே ஒரு கணனியும் மொனிட்டரும். முன்னால் ஒரு ஜொய்ஸ்டிக், நாலைந்து பட்டன். 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1980இல் வந்த பெக்-மேன் போன்ற கேம்களைக் காசு போட்டு விளையாடிய பெரிய மெஷின்களின் சின்ன வடிவம்.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செய்ய விடுங்கள். ஆனால் முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு சதமும் செலவழிக்க விடாதீர்கள். கொப்பி, பென்சில், அடிமட்டம், பழைய கார்ட்போட் பெட்டி, இவ்வளவும் போதும்.

"ஏற்கெனவே போனில் கிடந்து கெடுகிறான், இதில் கேம் பெட்டி வேறயா?" என்று கேட்கும் உம்மாமாரின் கோபம் நியாயமானது. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் போட வேண்டாம். போனில் இருக்கும் பல கேம்களுக்கு முடிவே கிடையாது. நாளைக்கும் வா, நாளை மறுநாளும் வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பழைய ஆர்கேட் கேம் அப்படியில்லை. அடுத்த காசு விழ வேண்டும் என்பதற்காகச் சில நிமிடத்தில் ஆட்டம் முடிகிற மாதிரித்தான் அதைச் செய்தார்கள். வீட்டில் அது நமக்கு வசதி. ஒரு ஆட்டம் முடிந்தால் தங்கச்சியின் முறை. இந்தப் பெட்டியைத் தலையணைக்குக் கீழே ஒளித்து வைக்கவும் முடியாது. ஹோலில், எல்லோர் கண் முன்னாலும் இருக்கும்.

எப்படியிருந்தாலும், விளையாடுவதை விடச் செய்வதுதான் எங்களுக்கு முக்கியம். அதிலும் திட்டம் போடுவதில்தான் பிள்ளை அதிகம் படிக்கும். ஏன் என்று சொல்கிறோம்.

முதல் கேள்வி: எந்தக் கேம், எத்தனை பேர்? இதற்குப் பதில் இல்லாமல் ஜொய்ஸ்டிக் வாங்கவே முடியாது. பெக்-மேனுக்கு நான்கு திசை போதும், பட்டன் தேவையில்லை. எட்டுத் திசை ஜொய்ஸ்டிக்கில் அதை விளையாடினால் மூலைப் பக்கம் கை சாய்ந்து திருப்பம் தப்பும். 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு எட்டுத் திசையும் ஆளுக்கு ஆறு பட்டனும் வேண்டும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று விளையாடுவதென்றால், இரண்டு பேரின் தோள் அகலத்தை அளந்து பாருங்கள். மேசைப் பெட்டி அதற்குள் அடங்காது. முதல் பெட்டிக்கு ஒருவர், ஒரு ஜொய்ஸ்டிக், நான்கு பட்டன் என்பதே எங்கள் சிபாரிசு.

இரண்டாவது: மொனிட்டர். புதிது வேண்டாம். ஒஃபிஸ்களில் கழித்துவிட்ட 19 இன்ச் சதுர மொனிட்டர்கள் இந்த வேலைக்கு நல்லவை. பெக்-மேனின் படம் அகலத்தை விட உயரம் கூடியது. இன்றைய அகல மொனிட்டரில் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்பாக நிறைய இடம் வீணாகும்.

இங்கேதான் கணித பாடம் வருகிறது. 19 இன்ச் என்பது மூலைவிட்டம். அகலமும் உயரமும் 5:4. பைதகரஸைப் போட்டுப் பார்த்தால் அகலம் ஏறத்தாழ 37.7 செ.மீ., உயரம் 30.1 செ.மீ. என்று வரும். "இந்தப் பைதகரஸ் எங்கே சேர் உதவும்?" என்று வகுப்பில் கேட்ட பிள்ளைக்கு நாங்கள் தரும் பதில் இது. அதற்குப் பிறகு சட்டத்தோடு சேர்த்து வெளி அகலத்தை அளக்க வேண்டும். உள்ளே 42 செ.மீ. தேவை, பலகை 12 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி அகலம் 42 இல்லை, 44.4. பலகையின் தடிப்பைக் கணக்கில் எடுக்க மறந்தால், வெட்டின பலகை வீண்.

பிளைவூட் தாள் 8க்கு 4 அடி. அதை ஏ4 பேப்பரில் 1:10 அளவில் வரையலாம், 24.4க்கு 12.2 செ.மீ. வரும். பெட்டியின் துண்டுகளையும் அதே அளவில் வெட்டி, அதன் மேல் அடுக்கிப் பார்க்கட்டும். முழுத் தாள் வேண்டுமா, பாதி போதுமா என்பது அங்கேயே தெரியும். வாப்பாவின் காசு மிச்சமாகிற இடம் அது. எம்.டி.எஃப். மலிவாகக் கிடைத்தாலும் நம்ம ஊர் ஈரக் காற்றில் அதன் ஓரங்கள் ஊதும். ஓரங்களுக்குப் பெயின்ட் அடிக்காமல் விடக் கூடாது. வெட்டும்போது வரும் தூளும் நெஞ்சுக்குக் கூடாது, மாஸ்க் கட்டாயம்.

மூன்றாவது: கார்ட்போடில் முழு அளவில் ஒரு பெட்டி. சாப்பாட்டு மேசையில் வைத்து, கதிரையில் உட்கார்ந்து பாருங்கள். மணிக்கட்டு வலிக்கிறதா? மொனிட்டர் எவ்வளவு சாய்ந்தால் கழுத்து நோகாது? ஜொய்ஸ்டிக்கின் அடிப்பகுதி பலகைக்குக் கீழே இறங்கும், அதற்கு இடம் இருக்கிறதா? சூடு வெளியேறப் பின்பக்கம் கீழேயும் மேலேயும் ஓட்டை விட்டாயா? மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் சத்தத்தைக் குறைக்கும் திருகு கைக்கு எட்டுகிறதா? கார்ட்போடில் பிழைத்தால் இன்னொரு பெட்டி எடுக்கலாம். பட்டன் ஓட்டைகள் 30 மி.மீ.யும் வரும், 28உம் வரும், 24உம் வரும். பொருள் கைக்கு வந்து அளக்கும் முன் துளை போட வேண்டாம்.

அடுத்தது, நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புவது. பழைய மெஷின்களைக் கணனியில் ஓட்டுவதற்கு 1997இலிருந்தே மேம் என்ற சொப்ட்வெயார் இருக்கிறது. அது இலவசம். ஆனால் அதில் ஓடும் கேம்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். இண்டர்நெட்டில் ஆயிரம் கேம் சும்மா கிடைக்கிறது என்று இறக்குவது அடுத்தவன் பொருளை எடுப்பதுதான். ஹலால் ஹராம் சொல்லிக் கொடுக்கிற வீட்டில், மேசை மேல் அதை வைத்து அழகு பார்க்க முடியாது.

இதற்கு நல்ல வழி இருக்கிறது. எம்.ஐ.டி.யில் உருவான ஸ்கிராட்ச் இலவசம். பந்து தட்டும் கேம் ஒன்றைப் பிள்ளையே அதில் எழுதலாம். ஸ்கிராட்ச் கீபோர்ட்டைத்தான் கேட்கும். ஆகவே பட்டனை அழுத்தினால் கீபோர்ட் எழுத்தாகக் கணனிக்குப் போக வேண்டும். ஆர்டுயினோ லியனார்டோ அந்த வேலையைச் செய்யும். சாதாரண ஊனோ நேரடியாகச் செய்யாது. இதையும் வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டும். தன் பெட்டியில், தான் எழுதிய கேமை, தன் உம்மா விளையாடுவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்துக்கு எந்தச் சான்றிதழும் ஈடாகாது.

கரண்ட் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். பட்டன், ஜொய்ஸ்டிக் எல்லாம் 5 வோல்ட், அதைப் பிள்ளை தொடலாம். 230 வோல்ட் வரும் பகுதியைத் தொடக் கூடாது. கணனிக்கும் மொனிட்டருக்கும் அவற்றின் சொந்த அடப்டரையும் வயரையுமே பாவிக்க வேண்டும். மொனிட்டரின் மூடியைக் கழற்றுவதாக இருந்தால் மின்வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். பழைய குண்டு டிவியை யாரும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் நிற்கும்.

கடைசியாக எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏ.எல்.இல் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. ஆனால் கண்காட்சி என்றால் இன்னும் கடையில் செய்து விற்கும் மொடலைத்தான் பல பிள்ளைகள் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நாமும் பளபளப்பைப் பார்த்துப் புள்ளி போடுகிறோம். பெட்டியைக் காட்டும் முன் அதன் வரைபடத்தைக் காட்டு என்று கேட்டுப் பாருங்கள். அழித்து அழித்து வரைந்த கொப்பிக்கு முதலில் புள்ளி போடுங்கள். அந்தக் கொப்பியைக் கடையில் வாங்க முடியாது.

பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். வாளும் துறப்பணமும் ஆம்பிளைப் பிள்ளைக்கு மட்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

ரிசல்ட்ஸ் வர இன்னும் நாள் இருக்கிறது. இன்றைக்கு இரவு ஒரு கொப்பியை எடுத்து, யார் விளையாடப் போகிறார்கள், எந்தக் கேம் என்ற இரண்டு வரியை மட்டும் எழுதட்டும். மீதி தானாக வரும், இன்ஷா அல்லாஹ்.