துண்டுப்பிரசுரத்திற்கு முன் தராசு

கொடுமுடி போன்ற ஊர்களில் நம் கடைகளுக்கு வருவோரில் பெரும்பாலோர் பிறமதச் சகோதரர்கள். குர்ஆனை விரித்துப் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் நம் தராசைப் பார்த்துவிடுகிறார்கள். ஆயினும் தஃவா என்றதும் நம் நினைவுக்கு வருபவை மேடையும் ஒலிபெருக்கியும் துண்டுப்பிரசுரமும்தாம்!

கிறித்தவர்கள் மருத்துவமனையைக் காட்டி மக்களை ஈர்க்கிறார்கள் என்று குறைகூறுவோர் நம்மிடையே உண்டு. 1900-இல் வேலூரில் ஒரேயொரு படுக்கையுடன் ஐடா ஸ்கடர் தொடங்கிய பணியே இன்றைய சி.எம்.சி. நோய் முற்றினால் குறைகூறியவரும் அங்கேதான் செல்கிறார். அவர்தம் கொள்கை நமக்கு ஏற்புடையதன்று. அதனால் அந்த உழைப்பு பொய்யாகிவிடுமா?

நபி (ஸல்) அவர்களுக்கு வஹீ வந்தது 40 வயதில். அதற்கு முன்பே மக்கா அவர்களை ‘அல் அமீன்’ என்றழைத்தது. 622-இல் ஹிஜ்ரத் புறப்பட்டபோதும், தம்மைக் கொல்லத் துணிந்த ஊராரின் அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். நாமோ, அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்துத் தொடங்கும் 83-ஆம் அத்தியாயத்தைத் தொழுகையில் ஓதிவிட்டு, ஈர மஞ்சளைக் காய்ந்ததென்று எடைபோடுகிறோம், கூலியை இழுத்தடிக்கிறோம்.

வாய் திறக்கவே வேண்டாம் என்பதன்று என் வாதம். மார்க்கத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அடுத்த பயானுக்கு ஒலிபெருக்கி பேசும் முன், நம்மவர் அண்டை வீட்டாருக்குத் தரவேண்டிய கடன்களை ஜமாஅத் நிர்வாகிகள் பட்டியலிடட்டும்.