டாலரன்ஸ் எவ்வளவு?



அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவரிடம் 25 மில்லிமீட்டர் தண்டு கேட்டால், "டாலரன்ஸ் எவ்வளவு?" என்பார். அரை மில்லி என்றால் ஒரு விலை, 10 மைக்ரான் என்றால் வேறு விலை. அப்பழுக்கில்லாத 25-ஐ யாராலும் கடைந்து தர முடியாது. கணிமைக் கோட்பாடு மெய்யெண்ணைப் பார்ப்பதும் இப்படித்தான். எவ்வளவு நுணுக்கம் கேட்டாலும் அதற்குள் விடை தரும் ஒரு நிரல் இருந்தால், அது கணிக்கத்தக்க எண். பை அப்படிப்பட்டது, 2-இன் வர்க்கமூலமும்.

1936-இல் இதைத் தொடங்கிவைத்தவர் ஆலன் டூரிங். கணினிக்கு அடித்தளமிட்ட அவரது கட்டுரையின் தலைப்பே கணிக்கத்தக்க எண்களைப் பற்றியதுதான். அவருடைய அம்மா எதெல் 1881-இல் நம் போத்தனூரில் பிறந்தவர். அம்மாவழித் தாத்தா எட்வர்ட் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அந்த ரயில்வே 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை திறந்த பாதைதான் இன்றும் அம்பத்தூர், ஆவடி வழியே போகிறது. இதை எழுதும்போதே மனம் நிறைகிறது.

பின்னர் அந்தக் கட்டுரைக்கு டூரிங்கே வெளியிட்ட திருத்தம் எனக்கு இன்னும் பிடிக்கும். 0.333... என்று இலக்கம் இலக்கமாக வந்துகொண்டிருக்கும் எண்ணை மூன்றால் பெருக்க வேண்டும். பின்னால் எங்காவது ஒரு 4 வருமா, 2 வருமா? அது தெரியாதவரை, விடை 0 என்று தொடங்குமா 1 என்று தொடங்குமா என எழுதவே முடியாது. தசம இலக்கங்களை நம்பினால் இயந்திரம் முதல் அடியிலேயே நின்றுவிடும். அதனால், ஒன்றின்மேல் ஒன்று சற்றே படியும் இடைவெளிகளால் எண்ணைக் குறிக்கும் முறைக்கு அவர் மாறினார்.

ஏறிக்கொண்டே போகும், ஆனால் ஒரு வரம்பைத் தாண்டாத தொடர்வரிசைக்கு எல்லை உண்டு என்று கல்லூரியில் படிக்கிறோம். 1949-இல் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் ஸ்பெக்கர், உறுப்புகள் அனைத்தையும் ஒரே நிரலால் கணக்கிடக்கூடிய அப்படியொரு தொடர்வரிசையை அமைத்தார். அதன் எல்லையை மட்டும் எந்த நிரலாலும் கணிக்க முடியாது! எல்லை இருக்கிறது, எத்தனையாவது உறுப்பில் போதிய அளவு நெருங்கிவிட்டோம் என்று சொல்லத்தான் வழியில்லை.

ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் பி.எஸ்சி. கணிதம் படிக்கும் பிள்ளைகளே, தொடர்ச்சியான சார்பு குறை எண்ணிலிருந்து மிகை எண்ணுக்குப் போனால் நடுவில் பூஜ்யமாகும் இடம் (மூலம்) உண்டு என்னும் இடைமதிப்புத் தேற்றம் வரும் வகுப்பில் ஆசிரியரிடம் கேளுங்கள்: "மூலம் இருக்கிறது, சரி. எல்லாச் சார்புக்கும் அதைக் கண்டுபிடித்துத் தரும் ஒரே நிரல் உண்டா?" உங்களுக்குள் நடக்கும் விவாதத்தை எழுதி அனுப்புங்கள். இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்