எந்தக் காலேஜ்னா என்ன?



பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து நம்ம ஊரில் ஒரு வசனம் அடிக்கடி காதில் விழுகிறது. "பி.காம் எங்க படிச்சாலும் பி.காம்தானே, எந்தக் காலேஜ்னா என்ன?" டீக்கடையிலும் சொல்கிறார்கள், குழாயடியிலும் சொல்கிறார்கள். ஒன்பதாவது படிக்கிற புள்ளைக்கு இந்தக் கவலை எதுக்கு என்று கேட்காதீர்கள். பத்தாவது முடித்ததும் காமர்ஸ் குரூப் எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் நம் வகுப்பிலேயே பாதிப் பேர்.

அந்த வசனத்தில் நியாயமும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேங்க் கிளார்க் பரீட்சைக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் பத்தாவதே போதும். சி.ஏ. படிக்க பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் எழுதலாம். பி.காமில் 55 சதவீதம் எடுத்தவர்கள் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக அடுத்த நிலைக்கே போகலாம். இந்தியா முழுக்க ஒரே கேள்வித்தாள். பேப்பர் திருத்துகிறவர் காலேஜ் பேரைப் பார்த்து மார்க் போடுவதில்லை. ஆகவே பரீட்சை எழுதி வேலைக்குப் போகிறவர்களுக்கு எந்தக் காலேஜ் என்பது பெரிய விஷயமே இல்லை.

ஆனால் எல்லோரும் பரீட்சை எழுதியே வேலைக்குப் போவதில்லையே! கம்பெனி வேலைக்கு இன்டர்வியூதான். மூன்றாம் வருஷம் படிக்கும்போதே கம்பெனிக்காரர்கள் காலேஜுக்கு வந்து ஆள் எடுக்கிறார்கள். அவர்கள் எல்லாக் காலேஜுக்கும் வர மாட்டார்கள். ஒரே நாளில் நிறையப் பேரைப் பார்க்கிற மாதிரி இடமாகப் பார்த்துத்தான் வருவார்கள். போன வருஷம் எடுத்த பிள்ளைகள் நன்றாக வேலை செய்தால் இந்த வருஷமும் அதே காலேஜுக்குப் போவார்கள். மெயின் ரோட்டு ஸ்டாப்பில் நிற்கிற பஸ் நம்ம விலக்கில் நிற்காமல் போகிற மாதிரிதான் இதுவும். விலக்கில் நிற்கிறவர் கெட்டிக்காரரா இல்லையா என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்?

மதுரையில் 1948-ல் தொடங்கிய லேடி டோக் காலேஜில் படித்தாலும், ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் படித்தாலும் பட்டம் கொடுப்பது மதுரை காமராசர் பல்கலைக்கழகம்தான். அதனால் சர்டிபிகேட்டை மட்டும் வைத்துப் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகும். அந்த மூன்று வருஷத்தில் இங்கிலீஷில் நாலு பேர் முன்னால் பேச வைத்தார்களா, கம்ப்யூட்டரில் கணக்கு எழுதக் கற்றுக் கொடுத்தார்களா, எந்தக் கம்பெனி வந்தது, இதையெல்லாம் கேட்க வேண்டும்.

அதற்காகப் பெரிய பேரைக் கண்டு மயங்கவும் கூடாது. டெல்லி ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியில் 2011-ல், பிளஸ் டூவில் காமர்ஸ் படிக்காதவர்களுக்குக் கட்-ஆஃப் 100 சதவீதம் என்று போட்டார்கள். நூற்றுக்கு நூறு வாங்கினவர்களைச் சேர்த்துக்கொண்டால் எந்தக் காலேஜ்தான் பேர் வாங்காது? அதே மாதிரி ஃபீஸ் அதிகமாக வாங்கினால் நல்ல காலேஜ் என்பதும் சும்மா. 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட தரவரிசையில் இந்தியாவிலேயே மூன்றாவது இடம் சென்னை மாநிலக் கல்லூரிக்கு. அது அரசுக் கல்லூரி! போர்டில் "100% வேலை" என்று எழுதியிருந்தால், என்ன வேலை, என்ன சம்பளம், எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். பி.பி.ஏ. என்றால் ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2024-25-லிருந்து அது கட்டாயம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். "எந்தக் காலேஜ்னா என்ன" என்பதைப் பையன்களிடம் யாரும் சொல்வதில்லை. அண்ணனுக்கு என்றால் கோயம்புத்தூர் ஆனாலும் சரி, சென்னை ஆனாலும் சரி, கடன் வாங்கியாவது அனுப்புகிறார்கள். பொண்ணு என்றால் காலேஜ் பஸ் தெருமுனைக்கு வருதா என்பது மட்டும்தான் கேள்வி. எங்கள் தெரு அக்கா ஒருத்திக்கு டவுனில் அரசுக் கல்லூரியில் சீட் கிடைத்தது. வீட்டில் விடவில்லை. பக்கத்துக் காலேஜில் பி.காம் முடித்தாள். மூன்று வருஷத்தில் ஒரு கம்பெனிகூட அங்கே வரவில்லை. இப்போது ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அவளைவிட மார்க் குறைவாக எடுத்த அவள் தம்பி டவுன் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். கடைசி வருஷமே வேலை வாங்கிவிட்டான். பில் போடுவது கேவலம் இல்லை. ஆனால் அவளுக்கு இன்டர்வியூ அறை எப்படி இருக்கும் என்றே தெரியாதே!

பெற்றோர் பயப்படுவது எனக்கும் புரிகிறது. கடைசி பஸ்ஸை விட்டால் என்ன ஆகும் என்று அம்மா கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. ஆனால் ஹாஸ்டல் இருக்கிறது. கல்லூரி மாணவிகளுக்கென்று அரசு நடத்தும் விடுதிகளில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். 2025-ல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்கள் காலேஜ் போனால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. இதெல்லாம் நம்ம வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தத் தாளின் அடியில் ஒரு சாண் இடம் விட்டிருக்கிறேன். காலேஜில் படிக்கிற அக்கா, அண்ணன் வீட்டில் இருந்தால் கேட்டு வந்து பென்சிலால் எழுதுங்கள்: காலேஜ் பேர், போன வருஷம் வந்த கம்பெனி, எடுத்தவர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர், ஹாஸ்டல் உண்டா. இடம் பத்தாவிட்டால் இன்னொரு தாள் ஒட்டித் தருவதாகத் தமிழ் ஐயா சொல்லியிருக்கிறார்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி