உத்தரவாதம் தானமன்று

உத்தரவாதக் காலம் தீருமுன்னே கெட்டுப்போன கம்ப்யூட்டர்ப் பாகத்தை எடுத்துக்கொண்டு கம்பெனியாரிடம் செல்பவர்களுள் பலர் வெறுங்கையுடன் திரும்புகின்றனர். மதர்போர்டில் ஊசி கோணியிருக்கிறதென்றும், கிராபிக்ஸ் கார்டின் திருகாணிமேல் ஒட்டிய சீட்டுக் கிழிந்திருக்கிறதென்றும் ஏதேனுமொரு காரணம் சொல்லப்படுகிறது. இவ்வழக்கில் பிரதிவாதியும் கம்பெனியாரே, தீர்ப்பளிப்பவரும் அவரே. இது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

உத்தரவாதம் கம்பெனியார் மனமிரங்கி இடும் தானமன்று. மூன்று வருஷ உத்தரவாதமென்று விளம்பரம் செய்தே சரக்கை விற்கிறார்கள். அதை நம்பியே ஜனங்கள் பணம் கொடுக்கிறார்கள். ஆகவே அவ்வாக்கும் விலைக்கு வாங்கப்பட்டதேயாம். பணத்தைப் பெற்றுக்கொண்டு வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வதை வியாபாரமென்று சொல்வதற்கில்லை.

அமெரிக்காவில் இதற்கென 1975-ஆம் வருஷத்திலேயே மாக்னுஸன்-மாஸ் சட்டம் ஏற்பட்டது. தமது பாகத்தையோ, தமது ஆட்களின் பழுதுபார்ப்பையோ இலவசமாய் அளித்தாலன்றி, அவற்றையே கொள்ள வேண்டுமென்று உத்தரவாதத்துக்கு நிபந்தனை விதிப்பதை அச்சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ஆயினும் 2018 ஏப்ரலில் ஆறு கம்பெனிகளுக்கும், 2024 ஜூலையில் எட்டுக் கம்பெனிகளுக்கும் அந்நாட்டு ஃபெடரல் வர்த்தகக் கமிஷன் எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப நேர்ந்தது. பிந்திய எட்டினுள் ஆஸ்ராக், ஸோடாக், கிகாபைட் ஆகிய மூன்றும் கம்ப்யூட்டர்ப் பாகம் விற்பவை. அகற்றினால் உத்தரவாதம் செல்லாது என்னும் சீட்டைப் பற்றியே அம்மூன்றுக்கும் கடிதம் சென்றது. சட்டம் பிறந்து நாற்பத்தொன்பது வருஷங்கள் கழிந்தும் இந்நிலை எனின், சட்டம் ஏட்டிலிருந்தால் மாத்திரம் போதாதென்பது விளங்கவில்லையா?

கம்பெனியார் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. அளவுக்கு மீறி மின்சாரம் செலுத்திப் பாகத்தை எரித்துவிட்டுப் புதியது கேட்போரும் உண்டு. அவர்களுடைய நஷ்டத்தைப் பிறர் சுமக்க வேண்டுவதில்லை. ஆனால் சீட்டுக் கிழிந்தது வேறு. பாகம் கெட்டது வேறு. முன்னதால்தான் பின்னது நேர்ந்ததென்று காட்டும் பொறுப்பு, உத்தரவாதத்தை மறுப்பவரையே சார்தல் வேண்டும்.

நம் நாட்டில் 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர், கம்பெனியின் காரியாலயம் எந்நகரிலிருப்பினும், தாம் வசிக்கும் ஜில்லாவின் நுகர்வோர் கமிஷனிலேயே முறையிடலாம். வழக்குக்குக் காரணம் தோன்றிய நாள் முதல் இரண்டு வருஷ அவகாசமுண்டு. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமில்லை. வக்கீல் வைத்தே தீரவேண்டுமென்பதுமில்லை. யாவற்றினும் முக்கியமாக, பழுதைக் கண்டறியப் பாகத்தைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பும் அதிகாரம் கமிஷனுக்கு இருக்கிறது. கம்பெனியாரே நீதிபதியாயிருக்கும் நிலை அங்கே ஒழிகிறது.

ஆகையால் வாங்குவோர் ரசீதைப் பத்திரப்படுத்துக. பாகத்தை அனுப்புமுன் நாற்புறமும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுக. மறுப்பு எதுவாயினும் எழுத்து மூலமாகவே கேட்டுப் பெறுக. 1915 என்னும் உதவித் தொலைபேசி எண்ணுக்கும் குறையைத் தெரிவிக்கலாம். பொதுஜன ஊழியர்கள் ஒவ்வோர் ஊரிலும் இவ்வழியை எடுத்துரைப்பார்களாக. சிலாயிரம் ரூபாய்தானே என்று ஒவ்வொருவரும் சும்மா இருந்துவிடுவதே கம்பெனியாருக்குப் பெரும் பலமாயிருக்கிறது. அப்பலத்தை நாம் இனியும் அளிக்கலாகாது.